திரைக் காவல் இல்லை, பிரஸ் ஓடாது

அம்பத்தூர்,
12.6.2024

அன்புத் தங்கை தாட்சாயிணிக்கு,

அண்ணன் டில்லிபாபு எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி கலைவாணி, அம்மா எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை.

உன் நம்பருக்கு அடித்தால் ஒரே ரிங்கில் கட்டாகிவிடுகிறது. அண்ணியின் போனிலிருந்து அடித்தாலும் அப்படித்தான். வெள்ளானூர் என்ன தூரமா, நேரிலேயே வரலாம் என்று பார்த்தேன். அம்மாதான் "போனா கதவத் தொறக்க மாட்டா, லெட்டர் போடுடா" என்றாள். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

டிசம்பர் மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். தகடு அடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டும் கம்ப்யூட்டர் அதோடு போயிற்று. அந்த பிரஸ் ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இப்போது புது ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. அக்டோபரில் ஆர்டர் கொடுத்தவர்களின் ஆட்கள் பட்டறையைப் பரிசோதிக்க வருகிறார்கள். புது கம்ப்யூட்டர் வாங்கி, நீ கொடுத்த பெண்டிரைவைத் தேடி எடுத்துப் போட்டேன். உன் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறது. libmodbus.so.5 என்று ஒரு ஃபைல் இல்லையாம். பெண்டிரைவில் தேடினேன், கிடைக்கவில்லை. இதற்கு என்ன வழி என்று எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
டில்லிபாபு


வெள்ளானூர்,
27.6.2024

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்தேன். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

நான் எழுதிய புரோகிராமால்தான் யூசுப்பின் கை போயிற்று என்று விசாரணையில் சொன்னவர் நீங்கள். அதே புரோகிராமைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று படித்தபோது கடிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

உதவுகிறேன். ஆனால் போன் வேண்டாம், நேரிலும் வர வேண்டாம். எதுவானாலும் காகிதத்தில், தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வாயால் சொன்னால் நீங்கள் சொன்னது ஒன்றாகவும் நான் கேட்டது ஒன்றாகவும் ஆகிவிடும். முன்பு அப்படி ஆகியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புரோகிராமை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன் என்றாலும், சில லைப்ரரி ஃபைல்களை அது இயங்கும் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரில் அவை இருந்தன. புதியதில் இல்லை. நீங்கள் கேட்ட ஃபைலை எப்படிப் போடுவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீ. தாட்சாயிணி


அம்பத்தூர்,
5.7.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்ததில் அம்மா இரண்டு நாளாகக் கொஞ்சம் நடக்கிறாள். 'நீங்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, நான் என்ன உனக்கு மேனேஜரா?

நீ சொன்னபடி செய்தேன். அந்த ஃபைல் பிரச்சினை போய்விட்டது. இப்போது libffi.so.6 இல்லை என்கிறது. தேடினால் கம்ப்யூட்டரில் அதே பெயரில் கடைசி எண் மட்டும் 8 என்று ஒன்று கிடக்கிறது. பெயரில் 8-ஐ 6 என்று மாற்றிப் போட்டேன். புரோகிராம் திறக்கிற மாதிரி வந்து பாதியில் விழுந்துவிட்டது.

இது போனால் அடுத்து என்னென்ன கேட்கும் என்று உனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டால் என்ன? நீ ஒரு கடிதம் போட பதினைந்து நாள் எடுக்கிறாய். ஆர்டர் ஆரம்பித்துவிட்டது.

அன்புடன்,
டில்லிபாபு


வெள்ளானூர்,
22.7.2024

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். அம்மா நடப்பது அறிந்து மகிழ்ச்சி.

பெயரை மாற்றிவைத்தால் ஆள் மாறிவிடாது. புரோகிராம் ஆறாம் எண்ணைக் கேட்டால் அதற்கு ஆறுதான் வேண்டும். எட்டின் உள்ளமைப்பு வேறு. உங்களுக்குப் பெயரை மாற்றிச் சொல்லிப் பழக்கம் என்பதால் அது முதலில் தோன்றியிருக்கும்.

அந்த ஆறாம் எண் ஃபைலை இத்துடன் உள்ள பெண்டிரைவில் வைத்திருக்கிறேன். அதைப் போட்டதும் கறுப்புத் திரையில் ldd என்று அடித்து, ஓர் இடம் விட்டு, புரோகிராமின் பெயரை அடியுங்கள். அதற்கு வேண்டிய ஃபைல்களின் பட்டியல் வரும். இல்லாத ஃபைலுக்கு எதிரில் 'not found' என்று இருக்கும். அவற்றுக்கும் வேண்டியது அதே பெண்டிரைவில் இருக்கிறது. பட்டியல் சுத்தமானதும் எழுதுங்கள்.

ஒரே கடிதத்தில் எழுதச் சொல்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கேட்காததையெல்லாம் சொல்லத்தான் விசாரணை அன்று எனக்கு ஆசை இருந்தது. அப்போது யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
வீ. தாட்சாயிணி


அம்பத்தூர்,
30.7.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. அதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து பேசலாம்.

பட்டியல் சுத்தம். ஒரு ஃபைல்கூட 'not found' இல்லை. ஆனாலும் புரோகிராம் ஓடவில்லை. இந்த முறை இங்கிலீஷில் எதுவும் வரவில்லை. பெரிய எழுத்தில், சிவப்பில், தமிழில் வருகிறது. வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

'libthirai.so கிடைக்கவில்லை. திரைக் காவல் இல்லை. பிரஸ் ஓடாது.'

அவ்வளவுதான். அப்புறம் தானாக மூடிக்கொள்கிறது. ஐந்து முறை போட்டுப் பார்த்தேன், ஐந்து முறையும் அதே வரி. ஆட்கள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஃபைலை அது எப்படிக் கேட்கிறது? அக்டோபரில் வருகிறவர்கள் காவல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த ஃபைலைச் சீக்கிரம் அனுப்பு. அதுவரை மூன்றாம் நம்பரைக் கம்ப்யூட்டர் இல்லாமல், காலால் மிதிக்கும் பெடலில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
டில்லிபாபு


வெள்ளானூர்,
2.8.2024

சகோதரி ஜமீலா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் கணவர் யூசுப் அவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் தாட்சாயிணி. டில்லிபாபுவின் தங்கை. கவரின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். பட்டறையின் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து உங்கள் பூந்தமல்லி முகவரியை எப்போதோ எழுதி வைத்திருந்தேன்.

உங்கள் கணவர் வேலை பார்த்த பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள் இருந்தது அவருக்கு நினைவிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெளிச்சம் திரைபோல விழும். நடுவில் கை போனால் அது அறுபடும், பிரஸ் பாதியில் நின்றுவிடும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் libthirai.so என்ற ஃபைல் செய்தது. நான் எழுதியது. புரோகிராம் தொடங்கியதும் முதலில் அந்த ஃபைலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இல்லையென்றால், 'திரைக் காவல் இல்லை. பிரஸ் ஓடாது' என்று சொல்லி மூடிக்கொள்ளும். மெஷினில் நிற்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதினேன்.

2022 மார்ச் 9 அன்று உங்கள் கணவரின் நான்கு விரல்கள் போனபோது பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் இல்லை. அப்படியானால் காவலைச் சேர்க்காமலும், இருக்கிறதா என்று சோதிக்காமலும் நான்தான் கொடுத்துவிட்டேன் என்று என் அண்ணன் விசாரணையில் சொன்னார். என்னால் மறுக்க முடியவில்லை. நான் வேலை செய்துபார்த்த காலத்தில் சோதனை இல்லாத நகல் ஒன்றும் என்னிடம் இருந்தது. அவசரத்தில் அதைத்தான் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். சரிபார்க்க என் லேப்டாப் இல்லை. விசாரணைக்கு வேண்டும் என்று அண்ணன் வாங்கிப்போய், எல்லாவற்றையும் அழித்துத் திருப்பித் தந்தார். "நீ படிச்சவ, உனக்கு வேற வேல கெடைக்கும், அண்ணன் பொழச்சுக்கட்டும்" என்று அம்மா சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு அதன்பிறகு ஒருவரும் வேலை தரவில்லை. "அந்தப் பொண்ணு எழுதினா கை போயிடும்" என்று என் காதுபடச் சொன்னார்கள். இரண்டு வருடம் நானும் அதை நம்பினேன்.

இப்போது அண்ணன் எழுதியிருக்கும் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கொடுத்த பெண்டிரைவைப் போட்டால் பிரஸ் ஓடாது என்கிறதாம். நான் கொடுத்த புரோகிராம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அன்று பட்டறையில் ஓடியது என்னுடையது அல்ல. யாரோ காவலை எடுத்துவிட்டு, அது இல்லாமலும் ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். இதைத்தான் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் உதவி கேட்டதும் நான் உள்ளுக்குள் சிரித்தேன். தவிக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு பதிலுக்கும் பதினைந்து நாள் எடுத்தேன். வேறு திட்டம் எதுவும் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. விசாரணை முடிவை எதிர்த்து நீங்கள் போட்ட மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வக்கீலிடம் இதைக் காட்டுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தாட்சாயிணி


பூந்தமல்லி,
10.8.2024

தாட்சாயிணி அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் இருக்கிறோம். இவர் இப்போது மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். வந்துபோகும் லாரிகளின் நம்பரை இடது கையால் எழுதுகிறார்.

கடிதத்தை வக்கீல் இராமகிருஷ்ணன் சாரிடம் காட்டினேன். நீங்கள் எழுதியது சரியாக இருக்கலாம், ஆனால் இது போதாது என்றார். "பெண்டிரைவு அந்தாளு கையில கீது. நோட்டீஸ் போனா மறுநாளே காணாமப் போயிடும். எடுத்தது நான்தான்னு அவரே சொல்லணும்மா, இல்ல எழுதணும்." இதுதான் அவர் சொன்னது.

அதை இவரிடம் வந்து சொன்னேன். "டில்லி அண்ணாத்தே அதெல்லாம் எழுத மாட்டாரு. வுடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் அண்ணனை எங்களைவிட உங்களுக்குத் தெரியும். எழுத வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் இனிமேல் கடிதம் போடாதீர்கள். தபால்காரர் வந்தால் கோர்ட்டுக் காகிதமோ என்று இவர் வாசலுக்கு ஓடுகிறார்.

ஜமீலா


வெள்ளானூர்,
25.8.2024

என் அன்பு அண்ணனுக்கு,

தங்கை தாட்சா எழுதுவது. நான் நல்ல சுகம். நீ, அண்ணி, அம்மா எல்லோரும் சுகம்தானே? ஆவணி பிறந்ததும் அம்மாவுக்கு இருமல் வருமே, இந்த வருடம் எப்படி இருக்கிறது? போன கடிதங்களில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். ஆடி மாத வெயிலோ என்னவோ, தலை சூடாகவே இருந்தது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

காவல் ஃபைல் ஏன் பட்டியலில் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அந்தப் பட்டியலில் புரோகிராமோடு கட்டிப்போட்ட ஃபைல்கள் மட்டும்தான் வரும். காவல் ஃபைலை அது ஓடத் தொடங்கியபிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதனால்தான் தெரியவில்லை.

பழையது என்னிடம் இல்லை. புதிதாக எழுதித் தருகிறேன். அதற்கு ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். அந்த ஃபைல் முதலில் எப்படிப் போயிற்று, யார் எடுத்தது, எந்த மாதம், எடுத்தபிறகு பழைய கம்ப்யூட்டரில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று எதையும் விடாமல் எழுது. தெரியாமல் நான் எழுதிப்போட்டால் புதியதும் பழையதும் முட்டிக்கொண்டு நிற்கும். நடந்தது நடந்துவிட்டது, யார்மேலும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. வழக்கம்போலத் தேதியும் கையெழுத்தும் போட்டுவிடு, எனக்குக் கோப்பில் வைக்க வசதி.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
தாட்சா


அம்பத்தூர்,
2.9.2024

என் உயிர்த் தங்கை தாட்சாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'தாட்சா' என்று நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அம்மா அழுதேவிட்டாள். இங்கே எல்லோரும் சுகம். இருமல் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நீ கேட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வது?

2022 பொங்கலுக்கு அப்புறம் அவசர ஆர்டர் ஒன்று. அந்த விளக்குக் கம்பம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஸ்ஸை நிறுத்திக்கொண்டே இருந்தது. கை உள்ளே போகாமலே நின்றது. எண்ணெய்ப் புகை பட்டுக் கண்ணாடி மங்கினாலும் நிற்கிறது என்று யூசுப் சொன்னான். "துணி ஒண்ணு குடுங்க அண்ணாத்தே, நான் தொடச்சிக்கினே ஓட்டுறேன்" என்றான். துடைத்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்? ஜனவரி கடைசியில் நானே அந்த ஃபைலைப் பெண்டிரைவிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். இப்போது வருகிற அதே தமிழ் வரி அன்றைக்கும் வந்தது. ஓட மாட்டேன் என்றது.

அப்புறம் கேமரா மாட்டுகிற ஆள் ஒருவனைக் கூட்டிவந்தேன். அவன் கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராமை நோண்டி, காவல் ஃபைல் இல்லாவிட்டாலும் ஓடும்படி செய்தான். பெண்டிரைவில் இருந்ததைத் தொடவில்லை. "சார், கை போயிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றான். "இன்னா ஆனாலும் நான் பாத்துக்கிறேன், நீ செஞ்சி குடு" என்று சொன்னேன். மார்ச்சில் அது நடந்துவிட்டது.

விசாரணையில் உன் பெயரைச் சொன்னதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். பட்டறையை மூடினால் பன்னிரண்டு குடும்பம் தெருவுக்கு வரும். நீ பெண், படித்தவள், உன்னை யாரும் உள்ளே தள்ள மாட்டார்கள். உனக்கு வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். லேப்டாப்பை அழித்ததும் நான்தான். பயத்தில் செய்தேன்.

மனதில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஃபைலைச் சீக்கிரம் அனுப்பு. தீபாவளிக்கு வீட்டுக்கு வா.

உன் அண்ணன்,
வீ. டில்லிபாபு


அம்பத்தூர்,
24.9.2024

தாட்சாவுக்கு,

அண்ணி கலைவாணி எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

மூன்றாம் நம்பர் இரண்டு மாதமாகப் பெடலில்தான் ஓடுகிறது. கம்பம் சும்மா நிற்கிறது, விளக்கு எரியவில்லை. "தாட்சா ஃபைல் அனுப்பிடுவா, அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மெஷினில் வித்யா என்று குத்தம்பாக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

நேற்று காலை பத்து மணி இருக்கும். நான் டீ கொண்டுபோனேன். தகட்டைத் திருப்பிவைக்கிறாள், பிரஸ் இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் டம்ளர் எல்லாம் என் கையிலிருந்து போயிற்று. கையுறை மாட்டிக்கொண்டது. அது தொளதொளவென்று இருந்ததால் கை மட்டும் வெளியே வந்துவிட்டது. நசுங்கிக் கிடந்த கையுறையை உன் அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல இல்ல? போ, தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். அரை மணி கழித்து அவள் அதே மெஷினில் உட்கார்ந்தாள்.

யூசுப் விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இப்போது நான் கேட்கிறேன். அவர் கடிதம் போட்டு மூன்று வாரம் ஆயிற்று. சின்ன வயதில் இருந்து உன்னை எனக்குத் தெரியும். இந்த ஃபைலுக்கு உனக்கு மூன்று வாரம் ஆகாது. எதற்காகக் காத்திருக்கிறாய்?

கலைவாணி


வெள்ளானூர்,
26.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த கவரை உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி ஆளிடம் அனுப்புகிறேன். உள்ளே பெண்டிரைவ் இருக்கிறது. முதலில் போய் மூன்றாம் நம்பரின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அவர் கத்தினாலும் அணையுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

பெண்டிரைவில் ஒரே ஒரு ஃபைல். அதைப் புரோகிராமின் பக்கத்தில் lib என்று இருக்கும் ஃபோல்டருக்குள் போட வேண்டும். சிவப்பு எழுத்து வராமல் புரோகிராம் திறக்கும். கம்பங்களின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். பிரஸ்ஸை ஓட்டி, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் துடைப்பக் கட்டையை நீட்டுங்கள். கையை நீட்ட வேண்டாம். பிரஸ் நிற்க வேண்டும். பத்து முறை நீட்டிப் பாருங்கள். பத்து முறையும் நின்றால் மட்டும் வித்யாவை உட்காரச் சொல்லுங்கள். பெடலைக் கழற்றிப் பரணில் போடுங்கள்.

எதற்காகக் காத்திருந்தேன் என்று கேட்டீர்கள்.

அந்த ஃபைலை ஆகஸ்ட் 20ஆம் தேதியே எழுதி முடித்துவிட்டேன். பழையது எப்படிப் போயிற்று என்று தெரிந்தால்தான் எழுத முடியும் என்று அண்ணனுக்கு எழுதியது பொய். அவர் கையாலேயே அவர் செய்ததை எழுதவைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். அவர் எழுதினார். செப்டம்பர் 9ஆம் தேதி அதை யூசுப்பின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுக்கு வரும். அதற்கு நான் வருந்தவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது ஆவடி மார்க்கெட்டில் இறங்கி எனக்கு நானே அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அவர் பெடலில் ஓட்டச் சொன்னதாக ஜூலையிலேயே எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தேன், தாண்டிப் போய்விட்டேன். அந்த பிரஸ்ஸில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஃபைல் ஒரு மாதத்துக்கு மேல் என் மேஜையில் இருந்தது. அந்தப் பெண்ணின் கை போயிருந்தால், இந்த முறை அதைச் செய்தது நிஜமாகவே நான்தான்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டாம் என்று கேட்க மாட்டேன்.

தாட்சாயிணி


அம்பத்தூர்,
14.10.2024

தாட்சாயிணி,

நோட்டீஸ் வந்தது. போன வியாழக்கிழமை அதிகாரிகள் நாலு பேர் வந்து பெண்டிரைவை எடுத்துக்கொண்டு, பட்டறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் அதற்கு முந்தின நாள்தான் உன் காவலைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கை கொடுத்துவிட்டுப் போனார்கள். இனி அதை வைத்து நான் என்ன செய்வது?

'அன்பு அண்ணனுக்கு' என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு எப்படிக் கை வந்தது? அம்மாவின் இருமலை விசாரித்துவிட்டு அதற்கு அடுத்த வரியில் என் கழுத்தில் கயிற்றைப் போட்டிருக்கிறாய். நான் உன்னைக் காட்டிக்கொடுத்தது பயத்தில். நீ செய்தது அப்படி இல்லை. உட்கார்ந்து யோசித்து, தேதி கேட்டு, கையெழுத்துக் கேட்டுச் செய்திருக்கிறாய்.

அந்தப் பன்னிரண்டு குடும்பத்தில் வித்யாவும் ஒருத்தி. அவளிடம் போய் உன் நியாயத்தைச் சொல்லிவிட்டு வா.

அம்மா உன் பெயரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இதுதான் நான் உனக்குப் போடும் கடைசிக் கடிதம். தேதி போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போடுகிறேன். இதையும் கொண்டுபோய்க் கொடு.

வீ. டில்லிபாபு


பூந்தமல்லி,
18.1.2025

தாட்சாயிணி அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

9ஆம் தேதி தீர்ப்பு வாசித்தது உங்களுக்குத் தெரியும். காவலை எடுத்தது உரிமையாளர்தான், புரோகிராம் எழுதியவர்மேல் தவறில்லை, யூசுப்மேலும் தவறில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நகல் ஒன்று உங்களுக்கென்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் நான்காம் பக்கத்தில் வருகிறது. உங்கள் அண்ணன்மேல் தனியாக வழக்குப் போடப்போவதாக வக்கீல் சொன்னார். வித்யாவுக்குத் திருமழிசையில் வேலை கிடைத்துவிட்டது. இவர் விசாரித்துவிட்டு வந்தார்.

எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று சொல்கிறார்கள். எனக்கு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையைக் காட்டச் சொன்னதும் இவர் எழுந்து தூக்கிக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் அண்ணன்கூடப் பார்த்தார். நீங்கள் குனிந்து உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தீர்ப்பு முடிந்ததும் எழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் தப்பு என்று நீங்கள் நம்பிய அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டுப் பக்கம் நீங்கள் வரவில்லை. முகவரி கையில் இருந்தும் வரவில்லை. உங்கள் தப்பு இல்லை என்று தெரிந்ததும் இரண்டே நாளில் நாலு பக்கம் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் வேலை போனது இருந்தது, உங்கள் பெயர் கெட்டது இருந்தது. இவருக்கு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

இதையெல்லாம் இவரிடமும் சொன்னேன். இவர் சிரித்தார். "அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? அதுவும்தான் அடி வாங்கிக்கினு கீது. ஆனா ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போச்சின்னா நல்லாருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியாது. இவர் சொன்னதற்காக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இவருக்கு விடுமுறை. பதினொரு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

ஜமீலா